ஜீப்பில் போன வீடு

ஜீப் சத்தம் கேட்டால் உங்களில் யாருக்காவது பயம் வருமா? எனக்கு வரும். இந்த வயதிலும் வருகிறது. பீங்கான் கம்பெனியில் என்னோடு அச்சுக்கு மண் ஊற்றியவர்கள், சூளைக்குச் சுமந்தவர்கள், இப்போது மாத்திரை டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சிரித்துக்கொள்ளுங்கள். "இவளுக்கு எதுக்குத்தான் பயம் இல்ல" என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர்கள்தானே நீங்கள். கரன்ட் கம்பி தாழ்ந்து தொங்கினால் பயம். மழை வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஜீப் பயம் மட்டும் சும்மா வந்ததில்லை. அதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏழாவதோடு நின்றவள் எழுதுகிற எழுத்து, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. என் மகளின் வீட்டுக்காரர் போனை நீட்டி, "அத்த, நம்ம ஏரியில ஜீப்பு கிளப்பு வந்து எறங்கியிருக்குது, பாத்தீங்களா?" என்றார். படத்தில் ஏழெட்டு வண்டிகள், ஆள் உயரச் சக்கரம். பின்னால் கூடாரங்கள். கரைமேல் வரிசையாக முளைக்குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி.

"எதுக்கு வந்திருக்காங்க?" என்றேன்.

"சும்மாதான் அத்த. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஏரிக்கரையில ரெண்டு நாளு தங்கி, மேட்டுல ஏத்தி எறக்கிட்டுப் போவாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அந்தச் சிவப்புத் துணியை நான் முதலில் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்போதும் அது சும்மாதான் இருந்தது. அதை நாங்கள்தான் சும்மா விடவில்லை.

எங்கள் வீடு அப்போது அதே ஏரிக்கரையின் அடியில், மதகுக்கு இந்தப் பக்கம் இருந்தது. மொத்தம் ஐந்து வீடுகள். ஐந்துமே புறம்போக்கு. மண் சுவர், நாட்டு ஓடு, மூங்கில். அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். உடைந்தது, கோணியது, நிறம் தப்பியது எல்லாவற்றையும் கம்பெனிக்குப் பின்னால் கொட்டுவார்கள். அதிலிருந்து தினமும் சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் எடுத்து வருவார். எங்கள் வீட்டில் காது உள்ள கப்பு ஒன்றுகூட இருந்ததில்லை. மூடி இல்லாத ஜாடி இருந்தது, ஜாடி இல்லாத மூடியும் இருந்தது. ஒரு கண் வரையாமல் விட்ட பொம்மைத் தலை ஒன்று என்னிடம் இருந்தது. அதை நான் ஒற்றைக் கண்ணி என்று கூப்பிடுவேன்.

அந்த உடைசலை எல்லாம் அப்பா தரையில் பதித்தார். ஈரமண்ணில் ஒவ்வொரு சில்லாக வைத்துக் கட்டையால் தட்டித் தட்டி இறக்குவார். கரன்ட் பெட்டிக்குப் போடுகிற பீஸ் கட்டை, கப்பின் அடிப்பாகம், தட்டின் விளிம்பு எல்லாம் அதில் இருக்கும். நடுவில் நீலக்கோடு போட்ட தட்டுச் சில்லுகளால் ஒரு மீன். அம்மா தாமரை கேட்டிருந்தாள். நீலம் பாதியில் தீர்ந்துவிட்டதால் தாமரை மீனாகிவிட்டது என்று அப்பா சொன்னார். மீனுக்குக் கண்ணாக ஒரு வெள்ளை மணி. சித்திரை வெயிலிலும் அந்தத் தரை குளுகுளுவென்று இருக்கும். வயிற்றை அதில் ஒட்டிப் படுத்துத்தான் நான் பாடம் படிப்பேன். சுவரையும் கூரையையும் யார் வேண்டுமானாலும் கட்டலாம். அப்படி ஒரு தரை எங்களிடம் மட்டும்தான் இருந்தது. இன்றுவரை வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த நாளில் எங்கள் பக்கம் ஜீப் என்றால் அதற்குள் ஒரு ஆபீஸ் உட்கார்ந்திருக்கும். ஓட்டு கேட்கிற ஜீப்பில்கூட பின்சீட்டில் ஒரு ஆபீஸர் இருப்பார் என்று பயப்படுவோம். ஊசி போட ஜீப் வரும், ஜப்திக்கு ஜீப் வரும். அதற்கு முந்தின வருஷம் வேப்பூர் ரோட்டோரம் இருந்த அத்தை வீட்டுக்கு, அதாவது அப்பாவின் அக்கா வீட்டுக்கு, ரோடு அகலப்படுத்த என்று ஒரு ஜீப் வந்தது. முதலில் முளை அடித்தார்கள். முளைத்தலையில் சிவப்புத் துணி கட்டினார்கள். இன்னும் நாள் இருக்கிறது என்று அத்தை சும்மா இருந்துவிட்டாள். ஒரு காலையில் பெரிய மிஷின் வந்தது. "கதவ மட்டுமாவது கழட்டிக்கிறேன் சாமி" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டாளாம். மிஷின்காரனுக்கு அந்த இரைச்சலில் காது கேட்கவில்லை. பலாமரக் கதவு, தாத்தா போட்டது, நாலு துண்டு. அப்பா ஒரு துண்டைச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். அம்மா அதை அடுப்பில் வைக்கப் பயந்து கடைசிவரை மூலையிலேயே வைத்திருந்தாள்.

இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் அப்பாவைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். அதனால்தான் முதலில் சொன்னேன்.

மாசி மாதம். மாசி மகத்துக் கடைகள் இன்னும் பிரிக்காத சமயம். எனக்குத் திருவிழாவில் வாங்கிய வளையல் கையில் புதுசாக இருந்தது. ஏரியில் பாதித் தண்ணீர். சனிக்கிழமை காலையில் நான் மதகில் குடம் விளக்கிக்கொண்டிருந்தபோது கருவேப்பிலங்குறிச்சி ரோட்டிலிருந்து சத்தம் வந்தது. ஒரு ஜீப் இல்லை, ஆறு ஜீப். மிலிட்டரியில் ஏலம் விட்ட பழைய வண்டிகள் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது பார்க்கையில் மிலிட்டரியே வந்த மாதிரிதான் இருந்தது. கரையைச் சுற்றி வராமல் நேராகக் கரைமேலே ஏறி, அந்தப் பக்கம் தண்ணீரோரம் இறங்கின. தொப்பி வைத்த ஆள்கள். பேண்ட் போட்ட ஒரு அக்கா. பேண்ட் போட்ட பொம்பளையை நான் நேரில் பார்த்தது அன்றுதான். சற்று நேரத்தில் கூடாரங்கள் எழும்பின. முட்டை பொரிக்கிற வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வந்தது. இன்றும் பெட்ரோல் பங்கில் நின்றால் எனக்கு முட்டை ஞாபகம் வரும்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டவுனில் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார். வேடிக்கை பார்க்க அவரும் சைக்கிளில் வந்துவிட்டார்.

"சர்க்கஸ்டி பாப்பா! பின்னால ஒட்டகம் வருது பாரு."

"எங்க மாமா?"

"அதோ, தொப்பி போட்டுக்கிட்டு நிக்குதே."

தொப்பிக்காரர் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் போலிருந்தது. கழுத்தில் விசில். அவர்தான் முளை அடித்தவர். தண்ணீரோரத்தில் ஆரம்பித்துக் கரைமேல் ஏறி, எங்கள் பக்கம் இறங்கி, எங்கள் சுவரோரமாகத் திரும்பி, மறுபடி கரைக்குப் போகிற மாதிரி வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. எங்கள் வீட்டுப் பக்கம்தான் கரை செங்குத்து. ஜீப்புக்கு அதுதான் வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கொடிகளைப் பார்த்தார். முகம் சூளைச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது.

"நம்ம வூட்டு ஓரம் எப்ப அடிச்சாங்க?"

"சோறு வடிக்கிறப்ப," என்றாள் அம்மா. "கேட்டுட்டுதான் அடிச்சாங்க. 'இங்க ஒண்ணு வச்சிக்கலாமாம்மா'ன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"வச்சிக்குங்கன்னேன்."

"வச்சிக்குங்கன்னியா?"

அப்பா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "கையெழுத்துப் போட்ட மாரிதான்டி அது."

"அய்யோ, கூட்டமா வந்து நிக்கிறாங்க, பின்ன என்னா சொல்றது? நீங்கதான் போயி என்னா ஏதுன்னு கேளுங்களேன்."

"கேட்டா? 'நீ யாரு, பட்டா எங்க'ன்னு திருப்பிக் கேப்பான். வலியப் போயி வாயக் குடுக்கச் சொல்றியா?"

இதுதான் விஷயம். ஐந்து வீட்டில் ஒருவரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் நாங்கள் பட்டா இல்லாமல் இருப்பது தெரிந்துவிடும் என்று பயம். அந்தப் பக்கம் அவர்கள் சிரித்துக்கொண்டு காபி குடித்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் கதவிடுக்கில் நின்று பார்த்தோம்.

சாயங்காலம் பேண்ட் போட்ட அக்கா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் ரொட்டி பாக்கெட். என் தலையைத் தடவி, "பாப்பா, இது உங்க வீடா? எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். "எங்க வூடு இல்லம்மா. சொந்தக்காரங்க வூடு. பொங்கலுக்கு வந்தோம்."

"பொங்கல் போய் ஒரு மாசம் ஆச்சே?"

"ஆமாம்மா. கௌம்பணும்."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையைப் பார்த்ததும் "அட!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குனிந்து மீனைத் தொட்டாள். "யாரு செஞ்சாங்க இதை?" அம்மா அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அக்கா போன பிறகு ரொட்டியைத் தின்னலாமா வேண்டாமா என்று ஒரு விவாதம் நடந்தது. "ஊசி போட வந்தவங்களும் மொதல்ல ரொட்டிதான் குடுத்தாங்க," என்றார் அப்பா. கடைசியில் மாமா ஒன்றைத் தின்று பார்த்து, கண்ணை மேலே சொருகி, நாக்கைத் தள்ளி, செத்த மாதிரி சுவரில் சாய்ந்தார். அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். மீதியை நான் தின்றேன்.

கரை முனையில் ஒரு டீக்கடை. அதை வைத்திருந்த பாய்க்கு அன்று நல்ல வியாபாரம். வாளியில் வைத்து டீ கொண்டுபோய்க் கூடாரத்தில் ஊற்றிவிட்டு வந்திருந்தார். விஷயம் தெரிந்துகொள்ள அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனார்.

"என்ன பாயி, யாரு இவங்க?"

"வெளையாட வந்துருக்காங்கண்ணே."

"நரச்ச தலையெல்லாம் இருக்குது. வெளையாட வந்துச்சா?"

"என் தம்பி சவுதியில இருக்கான்ல, அவன் சொல்லுவான். அங்க வெள்ளிக்கெழமயானா போதும், மணல் மேட்டுல வண்டிய ஏத்துவாங்களாம்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. ஏறுதான்னு பாக்க."

"ஏறிட்டா?"

"எறங்கிடுவாங்க."

அப்பா டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "பெட்ரோல ஊத்தி, மேட்டுல ஏறி, சும்மா எறங்குவானா ஒருத்தன்?"

"அங்க பெட்ரோலு தண்ணி மாதிரிண்ணே."

"இங்க அப்படி இல்லியே பாயி."

பாய் கிளாஸ் கழுவப் போய்விட்டார். வருகிற வழியில் அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வாளி வாளியா டீ வித்தாச்சு. பின்ன எப்பிடிப் பேசுவாரு?" ஊரிலேயே உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்த பாய்தான். அதற்குப் பிறகு சாகும்வரை அப்பா அவர் கடையில் டீ குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முடிவு செய்துவிட்டார். மிஷின் வருவதற்கு முன்னால் நாமே பிரித்துவிட்டால் ஓடு மிஞ்சும், மூங்கில் மிஞ்சும், கதவு மிஞ்சும். எங்கே வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

"நாளைக்கு ஒரு நாளு பொறுத்துப் பாத்துட்டு..." என்று அம்மா இழுத்தாள்.

"எங்க அக்காவும் அப்படித்தான் பொறுத்துப் பாத்துச்சு."

அம்மா பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். லைன் வீட்டில் இடம் ஒதுக்க மாமா கிளம்பிப் போனார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் அப்பா ரகசியமாகப் போய்ச் சொன்னார். பெரியம்மா நல்ல கனத்த உடம்பு. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமலே பதில் சொன்னாள்: "வந்தா வரட்டும். நான் உள்ளாரவே குந்திக்குறேன். என்னத் தூக்கிட்டுப் போவ தனியா ஒரு ஜீப்பு வேணும், அது அவங்கிட்ட இருக்குதான்னு மொதல்ல கேளு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா கூரைமேல் ஏறினார். ஓட்டை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவிடம் கொடுக்க, அம்மா என்னிடம் கொடுக்க, நான் வைக்கோல்மேல் அடுக்கினேன். ஓட்டுக்கு அடியில் பல்லி முட்டை, என் தொலைந்துபோன பம்பரம், எந்தக் காலத்திலோ அடைகாத்த குருவிக் கூடு. கூரை திறக்கத் திறக்க மீன்மேல் வெயில் விழுந்தது. வீட்டுக்குள் இருந்து வானத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை. எனக்கு அது அழகாக இருந்தது. சொன்னால் அம்மா அடிப்பாள் என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கம் அவர்கள் ஆட்டத்தை ஆரம்பித்திருந்தார்கள். விசில் ஊதினால் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு கரையில் ஏறும். உச்சியில் ஒரு நொடி தயங்கும். பிறகு எங்கள் சுவரோரம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிரும்.

"அதிர வச்சிப் பாக்குறான்," என்றார் அப்பா மூங்கில்மேல் உட்கார்ந்தபடி. "செவுரு எத்தினி இடிக்குத் தாங்கும்னு."

பாதி ஓடு இறங்கியிருக்கும். தொப்பிக்காரரும் அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அம்மா என்னை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க, வீடு மாத்துறீங்களா?" என்றார் தொப்பிக்காரர்.

அப்பா மேலிருந்து தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்க போறீங்க?"

"டவுனுக்குங்க."

"இவ்வளவு ஓட்டையும் எப்படிங்க கொண்டு போவீங்க? எங்க வண்டி சும்மாதான நிக்குது. நாங்க கொண்டு விடுறோம்."

அக்கா அம்மாவிடம், "சொந்தக்காரங்க வீடுன்னீங்களே?" என்றாள்.

"அவங்கதான் பிரிச்சி எடுத்தாரச் சொன்னாங்கம்மா," என்றாள் அம்மா.

அப்பா கீழே இறங்கி வந்து அம்மாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "பாத்தியா, நம்மள அனுப்பி வுடுறதுல எவ்ளோ அவசரம்னு."

அவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று ஓடு இறக்கினார்கள். சிரித்துக்கொண்டே செய்தார்கள். ஜீப்புக்குள் வைக்கோல் பரப்பி, கூடாரத் துணியைச் சுருட்டி இடையில் சொருகி, முட்டை அடுக்குகிற மாதிரி அடுக்கினார்கள். கதவுக் கீல் துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. அப்பா கடப்பாரையை எடுத்தார். "அய்யோ, மரம் போயிடும்ங்க," என்று தொப்பிக்காரர் ஓடிப்போய் எண்ணெயும் ஸ்பேனரும் கொண்டுவந்தார். மண்டிபோட்டு உட்கார்ந்து, எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊற வைத்து, ஒரு கீறல் இல்லாமல் கழற்றி, கீலைத் தன் கைக்குட்டையால் துடைத்து அப்பா கையில் கொடுத்தார். அத்தைக்குக் கிடைக்காத கதவு அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது. அப்பாவின் முகத்தில் அப்போது இருந்தது என்ன என்று எனக்கு அன்று புரியவில்லை. ஜெயித்த மாதிரியும் இருந்தது, அழப்போகிற மாதிரியும் இருந்தது.

அம்மாதான் அழுதாள். மண்ணடுப்பை எடுக்க முடியாது, தரையை எடுக்க முடியாது என்று தெரிந்த நேரம் அது. மீனைப் பார்த்தபடி நின்று சத்தமில்லாமல் அழுதாள். அக்கா அவள் தோளைத் தொட்டு, "இவ்வளவு நல்ல இடத்தை விட்டுப் போறது கஷ்டமாத்தான் இருக்கும். ஏம்மா போறீங்க?" என்றாள். அம்மாவின் வாய் திறந்தது. கேட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை, நீங்கள் யார் என்று ஒரே ஒரு வார்த்தை. அப்பா இருமினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா," என்று சொல்லிவிட்டாள். அதை எந்த மனசோடு சொன்னாள் என்று கடைசிவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அக்காதான் ஓட்டினாள். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி. அக்கா அதைக் காட்டி, "இதைப் போட்டா முன்சக்கரமும் இழுக்கும்," என்றாள். போட்டாள். வண்டி கரையில் ஏறியது. கண்ணாடியில் மண் மறைந்து வானம் மட்டும் தெரிந்தது. சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னால் அப்பா எங்கள் வீட்டுக் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். கூரையில்லாத வீட்டுக்குள் வெயிலில் எங்கள் தரை தண்ணீர் மாதிரி மின்னியது. வீடு போகிற துக்கத்தில் இருக்க வேண்டிய நேரம். எனக்கோ இன்னொரு கரை வராதா, இன்னொரு தடவை ஏறமாட்டார்களா என்று இருந்தது.

லைன் வீட்டு வாசலில் எங்கள் சாமானோடு மூன்று ஜீப் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அப்பாவிடம், "என்னா மாமா, பொண்ணுதான் சீரோட வரும். இங்க வூடே சீராட்டம் ஜீப்புல வருதே," என்றார். யாரும் சிரிக்கவில்லை. தொப்பிக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "போயிட்டு வரோம்ங்க. அடுத்த வருஷமும் வருவோம். அப்ப உங்க புது வீட்டைக் கண்டிப்பா வந்து பாக்குறோம்."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா அம்மாவிடம் திரும்பினார். "கேட்டியா? அடுத்த வருஷம் இங்கயும் வருவானாம்."

மறுநாள் ஷிப்டு முடிந்து அப்பா ஏரிக்குப் போனார். கூடாரம் இல்லை. ஜீப் இல்லை. ஒரு முளை இல்லை, குழியைக்கூட மூடிவிட்டுப் போயிருந்தார்கள். நாலு வீடும் அப்படியே நின்றன. பெரியம்மா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். "போயிட்டாங்க. எனக்கு ரெண்டு ரொட்டி பாக்கெட்டு குடுத்துட்டுப் போனாங்க. நீ ஏன் வூட்டப் பிரிச்சேன்னு அந்தப் பொண்ணு என்னக் கேக்குது. நான் என்னாத்த சொல்ல?" என்றாளாம்.

அப்பா திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இதுதான்: "முளைய எடுத்துட்டான். அளந்து முடிச்சிட்டான்னு அர்த்தம்."

திரும்பப் போய்க் கட்டியிருக்கலாம். ஓடு இருந்தது, மூங்கில் இருந்தது. "பாக்கலாம், பாக்கலாம்" என்றே ஐப்பசி வந்துவிட்டது. கூரையில்லாத மண் சுவர் எத்தனை மழைக்குத் தாங்கும்? கரைந்து தரைமேல் படுத்துவிட்டது. மறு மாசியில் ஜீப்புகள் வந்தன, ஏறின, இறங்கின, போயின. "வேவு பாக்குறாங்க," என்றார் அப்பா. லைன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் தூரம். அம்மாவுக்கு வாடகை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் உடம்புக்கு வந்துவிட்டது. நான் ஏழாவதோடு நின்று அச்சுக்கு மண் ஊற்ற வந்தேன். அங்கிருந்து பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. பல வருஷம் கழித்து ஏரியை ஆழப்படுத்தினார்கள். உண்மையாகவே ஆபீஸ் ஜீப் வந்தது. கரையில் குடியிருந்தவர்களை எழுப்பினார்கள். ஆனால் வேறு இடத்தில் மனை கொடுத்து, பட்டாவும் கொடுத்தார்கள். நாலு வீட்டுக்கும் கொடுத்தார்கள். பெரியம்மாவுக்கு மூலை மனை. எங்களுக்கு இல்லை, எங்களுக்குத்தான் அங்கே வீடே இல்லையே. செய்தி கேட்டு அப்பா வெகுநேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைன் வீட்டில் ஏற்கெனவே ஒரு கதவு இருந்ததால் எங்கள் கதவு சுவரில் சாய்ந்தே நின்றது. அதன் மறைவில்தான் நான் துணி மாற்றுவேன். "குடுக்கட்டும்," என்றார் அப்பா. "எதுக்குக் குடுத்தாங்கன்னு அப்புறம் தெரியும்." அது தெரிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பா பயந்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பயம் சரிதான். பயப்பட வேண்டிய ஆள்கள்தான் வேறே.

போன மாதம் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீட்டுக்காரரின் வண்டியில் ஏறி ஏரிக்குப் போய்விட்டேன். முளையைச் சரிசெய்துகொண்டு ஒரு பையன் நின்றான். தாடியும் கூலிங்கிளாசுமாக இருந்தான். அப்பா கேட்காததை நான் கேட்டேன்.

"எதுக்குப்பா வந்திருக்கீங்க?"

"சும்மாதான்மா. ரெண்டு நாளு லீவு."

"யாரு அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பலம்மா, நாங்களாதான் வந்தோம். இந்த மேடு ஏறுதான்னு பாக்க."

"ஏறிட்டா?"

"ஏறிட்டா எறங்க வேண்டியதுதான்," என்று சிரித்தான்.

எனக்கு அந்த பாயின் டீக்கடை கண்முன் வந்துவிட்டது. அவனே சொன்னான்: "இங்க வாங்கம்மா, ஒண்ணு காட்டுறேன். சக்கரம் சுத்தி மண்ணு பறிஞ்ச எடத்துல பழைய தரை மாதிரி ஒண்ணு வந்துருக்குது."

கரையடியில் டயர் பறித்த பள்ளம். ஒரு முழ அகலம் இருக்கும். உள்ளே வெள்ளையும் நீலமும். மீனின் வால். யாரோ பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்தார்கள். நீலக்கோடு கொஞ்சம்கூட மங்கவில்லை. நன்றாக வெந்த பீங்கான், மங்காது. அந்தப் பையன் குனிந்து, பெயர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இங்க யாரு வீடும்மா இருந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

மகள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"தெரியாதுப்பா," என்றேன். "நான் இந்தப் பக்கமே வந்தது இல்ல."

வாய் தானாகச் சொன்னது. குரல்கூட அம்மாவுடையது மாதிரி இருந்தது. சில்லை வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து, அவர்கள் கூடாரத்தை மடித்து, கடைசி முளையைப் பிடுங்கி, கடைசி ஜீப் ரோட்டில் ஏறுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் வீட்டுக்காரர் பொறுமைசாலி.

எனக்கு இப்போது சொந்த வீடு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பட்டா பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் ஒரு தரம் எடுத்துப் பார்ப்பேன். வாசலுக்கு அந்தப் பழைய கதவைத்தான் மாட்டியிருக்கிறேன். கதவின் அளவுக்கு நிலை செய்யச் சொல்லி ஆசாரியிடம் சண்டை போட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது மகள் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு, கீலைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார்.

"என்னா அத்த, கீலு ஊசி இப்படி லொடலொடன்னு ஆடுது? காத்துக்கே கழண்டுடும் போலருக்குது. நல்லா இறுக்கி வுட்டுறட்டுமா?"

"வேணாங்க," என்றேன். "ஒத்த ஆளாவே கழட்டுற மாரி இருக்கட்டும்."